நாய் பிறாண்டினாலும் ஊசி உண்டு: சென்னையில் தொடங்கி ஊரில் முடிக்கலாம்

திருநெல்வேலியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்த அக்கா மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போயிருந்தேன். திரும்பும் வழியில் ஒரு தெருநாய் தாவி, அவன் கெண்டைக்காலில் நகத்தால் இழுத்துவிட்டது. கடிக்கவில்லை. பிளேடால் கீறியது போல ஒரு கோடு, அதில் மூன்று இடத்தில் கடுகளவு ரத்தம். "ஒண்ணுமில்ல மாமா, ராத்திரி ட்ரெயின் இருக்கு, ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றான்.

வெளியூர் வந்த இடத்தில் எல்லோரும் சொல்வது இதுதான். எனக்குப் பயமும் இதில்தான். நாய் தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும் விலங்கு. நகத்தில் எச்சில் ஒட்டியிருந்தால், கீறல் வழியாகவும் ரேபிஸ் கிருமி உள்ளே போகலாம். நோய் வெளியே தெரிந்த பிறகு காப்பாற்ற வழியே இல்லை. அதற்கு முன்னால் தடுத்துவிடலாம், அதுவும் காசில்லாமல்.

முதல் வேலை கழுவுவது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிடம். பக்கத்துக் கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் கொடுத்தார். நான் ஊற்ற ஊற்ற அவன் தேய்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதை உடைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். கட்டும் போட வேண்டாம்.

அப்புறம் மருத்துவமனை. தோல் கிழியாத இடத்தில் நாய் நக்கியது மட்டும் என்றால் ஊசி தேவையில்லை. ரத்தம் வராத கீறலுக்குத் தடுப்பூசி வேண்டும். ரத்தம் வந்துவிட்டால், கீறலோ கடியோ, தடுப்பூசியோடு சீரமும் (கிருமியை உடனே எதிர்க்கும் தனி ஊசி மருந்து) வேண்டும். வழியில் ஒரு கிளினிக்கில் டி.டி. ஊசி மட்டும் போட்டு அனுப்பப் பார்த்தார்கள். டி.டி. என்பது ரணஜன்னிக்கு; ரேபிஸைத் தடுக்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

நாய்க்கடி ஊசி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். வெளியூர்க்காரர், வெளிமாநிலத்தவர் என்பதெல்லாம் தடையில்லை. சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஓ.பி. மூடிவிட்டால் கேஷுவாலிட்டிக்குப் போங்கள். "நாய் பிறாண்டி ரத்தம் வந்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "சும்மா கீறல்" என்று நீங்களே குறைத்துச் சொன்னால் கேட்பவரும் குறைத்தே எடுத்துக்கொள்வார்.

தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசியெல்லாம் பழைய கதை. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி, இரண்டு புஜத்திலும் 0.1 மில்லி. போட்ட இடத்தில் கொசு கடித்தது போல ஒரு சின்னப் புடைப்பு எழும். முதல் ஊசி போடும் நாளுக்குப் பூஜ்ஜியம் என்று பெயர். அங்கிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள். எங்களுக்கு ஞாயிறு, புதன், மறு ஞாயிறு, அப்புறம் முதல் ஊசியிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் ஞாயிறு. தனியாரில் சதையில் போடும் முறை என்றால் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து ஊசி, காசும் ஆகும்.

சீரம் புண்ணுக்குள்ளும் அதைச் சுற்றியும் போடுவது. வலிக்கும், அவன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சீரம் இருக்காது. முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் பெரிய மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அன்றைக்கே கிடைத்தால் அதுதான் நல்லது. முன்பே முழுசாக நாய்க்கடி ஊசி போட்டு முடித்தவருக்கு 0, 3 நாட்களில் மட்டும் ஊசி போதும், சீரம் வேண்டாம். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, பயணம்? முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறலாம். மீதியை ஊரில் எந்த அரசு மருத்துவமனையிலும் தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் தவறினாலும் அடுத்த நாளே போய்த் தொடருங்கள். தோலில் போட்டதா, சதையில் போட்டதா என்பது சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே முறையில் தொடர்வது நல்லது. வேறு வழியில்லை என்றால் முறை மாறினாலும் பரவாயில்லை, ஊசியை விட்டுவிடக் கூடாது. சீட்டை செல்போனில் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.

நாயைப் பத்து நாள் கவனித்துவிட்டு ஊசி போடலாம் என்பவர்கள் உண்டு. தெருநாயை, அதுவும் ஊரை விட்டுக் கிளம்புகிறவர், எங்கே கவனிப்பது? ஊசியை உடனே தொடங்கியாக வேண்டும். நாய் பத்து நாளும் நலமாக இருந்தது உறுதியானால், மீதி ஊசி வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

ஊசி இல்லை, வெளியே வாங்கி வா என்று எங்காவது சொன்னால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். நாயைப் பற்றிச் சொல்ல மாநகராட்சியின் எண் 1913.

எங்கள் பையன் அன்றைக்கு நெல்லை எக்ஸ்பிரஸைத் தவறவிட்டான். மறுநாள் கிளம்பினான். மீதி மூன்று ஊசியும் பாளையங்கோட்டையில் போட்டான்.