காற்று 120-ஐத் தாண்டியதா? கணினி சொல்லத் திணறும் ஒரு கேள்வி

மொரீஷியஸில் புயல் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே விசாரிப்புதான்: "கிளாஸ் 4 போட்டாச்சா?" மணிக்கு 120 கி.மீ. வேகக் காற்று பதிவானால்தான் அந்தக் கடைசி எச்சரிக்கை. 1975-ல் ஜெர்வேஸ் புயலின்போது காற்று 280 கி.மீ. வரை போனது. அப்படிப்பட்ட நாளில் சந்தேகத்துக்கு இடமில்லை. 120-ஐ ஒட்டியே காற்று வீசும்போதுதான் சிக்கல்.

ரெதுயியில், மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில், கணினி படிக்கும் நம் பிள்ளைகள் பலர் இடவியல் (topology, அருகாமையையும் தொடர்ச்சியையும் ஆராயும் கணிதம்) என்றதும் தங்களுக்குச் சம்பந்தமில்லாத கணிதம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். இந்த 120-க்குள்ளேயே அதன் அடிப்படை முழுவதும் இருக்கிறது.

ஒரு கருவி ஒரே வேகத்தை மேலும் மேலும் துல்லியமாகச் சொல்லிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பிழை 1 கி.மீ., அடுத்து 0.1, அடுத்து 0.01. உண்மை வேகம் 120.03 என்றால் "120-க்கு மேல்" என்பது சில படிகளிலேயே உறுதியாகிவிடும். சரியாக 120 என்றால்? 119.99-க்கும் 120.01-க்கும் நடுவில், 119.999-க்கும் 120.001-க்கும் நடுவில் என்று போய்க்கொண்டே இருக்கும். எந்தப் படியிலும் தீர்ப்பு வராது.

உண்மையாக இருந்தால் என்றாவது ஒருநாள் உறுதியாகிவிடும் கூற்று எதுவோ, அது பொருந்தும் வேகங்களின் தொகுப்பே இடவியலில் திறந்த கணம் (open set). "120-க்கு மேல்" திறந்தது. "சரியாக 120" திறந்ததல்ல. இப்படிப் பார்த்தால் பாடப்புத்தக விதிகளும் தாமாக விளங்கும். திறந்த கணங்களை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஏனென்றால் ஏதாவது ஒரு சோதனை தேறினாலே போதும். வெட்டு, அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதி, எடுப்பதானால் முடிவுள்ள எண்ணிக்கைதான், ஏனென்றால் எல்லாச் சோதனையும் தேற வேண்டும். முடிவில்லாத சோதனைகளை யார் முடிப்பது?

நிரல்களும் இப்படித்தான். ஒரு நிரல் நின்றுவிடும் என்பதை ஓடவிட்டே உறுதிசெய்யலாம். நிற்கவே நிற்காது என்பதை அப்படிச் செய்ய முடியாது. எல்லா நிரல்களுக்கும் முன்கூட்டியே இதைச் சொல்லும் பொதுவழி கிடையாது என்பது பிரிட்டிஷ் கணிதர் ஆலன் டூரிங்கின் 1936 ஆய்விலிருந்து வருகிறது.

இங்கே தர்க்கமும் மாறுகிறது. "120-க்கு மேல்" என்பதையோ "120-க்குக் கீழ்" என்பதையோ உறுதிசெய்யலாம், ஆனால் இரண்டில் ஒன்று கட்டாயம் உறுதியாகும் என்று சொல்ல முடியாது. "ஆம், இல்லையேல் இல்லை" என்ற பழைய விதியை டச்சுக் கணிதர் பிரௌவர் 1908-லேயே கேள்விக்குள்ளாக்கினார். திறந்த கணங்களின் தர்க்கம் அவர் பக்கம்தான் நிற்கிறது.

முடிவுள்ள விடையைத் தர நிரல் உள்ளீட்டில் முடிவுள்ள பகுதியைத்தான் படிக்க முடியும். எனவே கணிக்கக்கூடிய சார்பு (function) எதுவும் தொடர்ச்சியானதாக, அதாவது திடீரென்று தாவாததாகத்தான் இருக்கும். 1969-ல் அமெரிக்கத் தர்க்கவியலாளர் டேனா ஸ்காட் நிரல்மொழிகளுக்குப் பொருள் தரும் கோட்பாட்டை இந்தத் தொடர்ச்சியின் மேல்தான் கட்டினார். சரியாக 120-ல் "இல்லை"யிலிருந்து "ஆம்"முக்குத் தாவும் சார்பு தொடர்ச்சியற்றது. எந்த நிரலாலும் அதைப் பிசகில்லாமல் கணிக்க முடியாது.

அதற்காகக் கைவிட வேண்டியதில்லை. "119.5-க்கு மேலா?", "120.5-க்குக் கீழா?" என்று ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு சோதனைகளைச் சேர்ந்தாற்போல ஓடவிடுங்கள். வேகம் எதுவானாலும் இரண்டில் ஒன்று நிச்சயம் பதில் சொல்லும். இரண்டுக்கும் பொதுவான பகுதியில் முந்திக்கொள்ளும் பதிலை ஏற்றுக்கொள்ளலாம்.