வானத்தில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் வேலை பார்க்கும் விண்வெளித் தொலைநோக்கியின் உதவி மையத்துக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் ஆராய்ச்சி மாணவர். ஓர் எக்ஸ்-கதிர் மூலத்தின், அதாவது எக்ஸ்-கதிர் வீசும் விண்பொருளின், ஒளி கடிகாரம் போல ஏறி இறங்குகிறது, இதுவரை யாரும் இதைச் சொன்னதில்லை, மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன், உங்கள் கருத்து உடனே வேண்டும் என்று எழுதியிருந்தார். இணைப்பில் ஒரு வரைபடம். அலை அவ்வளவு அழகாக இருந்தது. கீழே அவர் குறித்திருந்த கால இடைவெளியைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது. அந்த எண் எனக்கு மனப்பாடம்.

விண்வெளித் தொலைநோக்கி ஒரு புள்ளியை ஆடாமல் அசையாமல் உற்றுப் பார்க்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல கருவிகளில் நாங்களே வேண்டுமென்று அதை மெல்ல ஆட்டுகிறோம். ஒரே பிக்சலில் எல்லா ஒளியும் விழுந்தால் அந்தப் பிக்சலின் குறை அப்படியே படத்தில் ஏறிவிடும். ஆட்டினால் குறை பல பிக்சல்களுக்குப் பரவி அடங்கிவிடும். இதை டிதர் என்போம். சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியின் சிசிடி கேமராவில் (ஒளியைப் பிக்சல் பிக்சலாகப் பதியும் சில்லு கொண்டது) இந்த ஆட்டம் ஒரு திசையில் 1000 வினாடிக்கு ஒருமுறையும் இன்னொரு திசையில் ஏறக்குறைய 707 வினாடிக்கு ஒருமுறையும் திரும்ப வரும். நாம் பார்க்கும் மூலம் டிடெக்டரின், அதாவது அந்தச் சில்லின், ஓரத்திலோ, செத்துப்போன பிக்சல் வரிசைக்குப் பக்கத்திலோ இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு உள்ளே வரும். ஒளி குறையும், கூடும், குறையும், கூடும்.

மாணவர் கண்டுபிடித்த காலம் எங்கள் டிதர் காலத்தோடு நூலிழை பிசகாமல் பொருந்தியது. மூலம் டிடெக்டரின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. விண்மீன் ஆடவில்லை, ஆட்டியது நாங்கள்.

விண்வெளித் தொலைநோக்கி ஒன்றில் சப்போர்ட் சயின்டிஸ்டாக இருப்பவரின் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். கண்டுபிடிப்பு எங்களுடையது அல்ல. உலகத்தில் எங்கோ இருக்கும் ஆராய்ச்சியாளர் நேரம் கேட்டு விண்ணப்பிக்கிறார், கிடைத்தால் நாங்கள் அவருக்காகத் திட்டமிடுகிறோம், தரவு வந்ததும் அவரோடு உட்கார்ந்து பார்க்கிறோம். இதில் நாள் முழுக்க எங்களைத் துரத்தும் கேள்வி ஒன்றே ஒன்று. தெரிகிற இந்த விஷயம் வானத்தில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா?

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதன் அருமை தெரியாமல்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நான்காம் விண்ணப்பச் சுற்றுக்கு (ஒரு சுற்று ஓர் ஆண்டுக்கானது) 2,377 முன்மொழிவுகள் வந்தன. அவை கேட்ட நேரம் மொத்தம் சுமார் 78,000 மணி. ஓர் ஆண்டுக்கு இருப்பதே 8,760 மணி நேரம்தான். இவ்வளவு நெரிசலில் இடம் பிடித்தவர், கடைசிப் படிவத்தை நிரப்பும்போது இலக்கின் இடத்தைத் தப்பாகப் போட்டால்? பெரும்பாலான ஆய்வகங்களில் போனது போனதுதான். தொலைநோக்கி நீங்கள் சொன்ன இடத்தைச் சரியாகப் பார்த்துவிட்டது, அங்கே ஒன்றும் இல்லாதது அதன் குற்றமா?

இது கற்பனை இல்லை. வானத்தில் ஓர் இடத்தைக் குறிக்க பூமியின் நெட்டாங்கு, அட்சம் போல வல ஏற்றம், நடுவரை விலக்கம் என்று இரண்டு எண்கள் வேண்டும். விலக்கம் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே போனால் கழித்தல் குறி போடுவோம். ஒருவர் பட்டியலிலிருந்து இலக்குகளை எடுக்கத் தானே ஒரு நிரல் எழுதியிருந்தார். பாகை, கலை (பாகையில் அறுபதில் ஒன்று), விகலை (கலையில் அறுபதில் ஒன்று) மூன்றையும் தனித்தனியாகப் படித்துச் சேர்க்கும் நிரல். எல்லா இலக்குக்கும் ஒழுங்காக வேலை செய்தது, ஒன்றைத் தவிர. அதன் விலக்கம் கழித்தல் 0 பாகை 14 கலை. நிரல் பாகையை முழு எண்ணாகப் படித்தது. முழு எண்களில் கழித்தல் சுழியம் என்று ஒன்று கிடையாது, வெறும் சுழியம்தான். குறி காணாமல் போனது. தெற்கே இருக்க வேண்டிய இலக்கு வடக்கே போய், கிட்டத்தட்ட அரைப் பாகை தள்ளி நின்றது. அது முழு நிலவின் அகலம். ஓர் எக்ஸ்-கதிர் கேமராவின் பார்வைப் பரப்பிலிருந்து இலக்கு தப்பிப் போக அது போதும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு இலக்குக்கும் பழைய வானப் படம் ஒன்றை எடுத்து, அதன் மேல் எங்கள் கேமராவின் கட்டத்தை வைத்துப் பார்ப்போம். அன்று கட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை. அவருக்கு எழுதினேன். ‘இலக்கு மிக மங்கலானது, பழைய படத்தில் தெரியாது’ என்று பதில் வந்தது. சரி, இருக்கலாம். ஆனால் பக்கத்திலிருக்கும் பிரகாசமான விண்மீன் எங்கே என்று மறுபடி கேட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு சொல் வந்தது: ‘ஐயோ.’

இன்னொரு வகை, விண்மீன் நகர்வதை மறப்பது. விண்மீன்கள் நிலையாக இருப்பதாகத்தான் நம் கண்ணுக்குத் தோன்றும். பர்னார்டு விண்மீன் ஆண்டுக்கு 10 விகலைக்கும் மேல் நகர்கிறது. 2000-ஆம் ஆண்டு நிலையைக் கொண்ட பட்டியலை அப்படியே நகலெடுத்தால் இன்று அது நான்கு கலைக்கும் மேல் தள்ளிப் போயிருக்கும். ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் ஜேம்ஸ் வெப்பின் நிறமாலைக் கருவியில், ஒளி நுழையும் ஒரு பிளவின் அகலம் 0.2 விகலை. மற்றதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். படிவத்தில் ‘சொந்த இயக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விடாதீர்கள். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள், யோசித்தீர்கள் என்றாவது எங்களுக்குத் தெரியும்.

‘நேரம் கிடைத்துவிட்டதே, நாளைக்கே பாருங்கள்’ என்பவர்களும் உண்டு. முடியாது. சூரியனுக்கு ரொம்பப் பக்கமாக இந்தத் தொலைநோக்கிகளைத் திருப்ப முடியாது. ஜேம்ஸ் வெப் எப்போதும் தன் நிழற்குடைக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்க வேண்டும், அதனால் எந்த ஒரு நாளிலும் வானத்தில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் அதற்கு எட்டும். 2017 ஆகஸ்டு 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த விண்மீன்களின் மிகச் செறிவான மிச்சங்கள்) மோதியதில் எழுந்த ஈர்ப்பலை, அதாவது காலவெளியின் அதிர்வு, வந்தது, அது நடந்த கேலக்ஸி என்ஜிசி 4993. ஒன்பது நாள் கழித்து சந்திரா அங்கே எக்ஸ்-கதிரைக் கண்டது. உலகமே அதைத் தொடர்ந்து பார்க்கத் துடித்த நேரத்தில் அந்தப் பகுதி சூரியனுக்குப் பக்கத்தில் போய்விட்டது. டிசம்பர் வரை சந்திரா காத்திருக்க வேண்டியதாயிற்று. நோபல் பரிசு பெற்றவர் கேட்டாலும் சூரியன் நகராது.

இடம் சரி, நாள் சரி, தரவும் வந்துவிட்டது. இனிமேல்தான் உண்மையான வம்பு. கருவிகளுக்கு வயதாகும். சந்திரா 1999 ஜூலையில் மேலே போனது. போன கொஞ்ச நாளிலேயே பூமியின் கதிர்வீச்சு வளையங்களைக் கடக்கும்போது குறைந்த ஆற்றல் புரோட்டான்கள் அதன் சிசிடிகளைச் சேதப்படுத்திவிட்டன. எக்ஸ்-கதிரைக் குவிக்கச் செய்த ஆடியே அந்தப் புரோட்டான்களையும் கேமராவுக்கு வழிகாட்டி அனுப்பிவிட்டது, அதுதான் வேடிக்கை. அதற்குப் பிறகு வளையங்களைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கேமராவைக் குவியத்திலிருந்து நகர்த்தி ஒளித்து வைக்கிறார்கள். அது போதாதென்று, கேமராவின் முன்னால் உள்ள வடிகட்டியில் ஆண்டுக்காண்டு மெல்லிய படலம் ஒன்று படிந்துகொண்டே வருகிறது. குறைந்த ஆற்றல் எக்ஸ்-கதிர்களை அது விழுங்கிவிடும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். ஒருவர் 2000-இல் எடுத்த தரவையும் 2020-இல் எடுத்த தரவையும் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் ஒரே பழைய கேலிபரேஷன் கோப்பை, அதாவது கருவியின் அளவைத் திருத்தும் எண்களை, போடுகிறார். மூலம் மங்கிவிட்டது என்று வரும். மங்கியது நம் வடிகட்டி. எங்களுக்கு வரும் ‘மாறும் மூலங்கள்’ பற்றிய கேள்விகளுக்கு நான் முதலில் திருப்பிக் கேட்பது எந்தக் கேலிபரேஷன் பதிப்பு என்பதைத்தான். பாதிப் பேருக்குத் தெரியாது. அண்ணன் விட்டுப்போன நிரலைத் தம்பி ஓட்டுவது போல, ஆய்வகத்தில் சீனியர் விட்டுப்போனதை ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

பெரிய குழுக்களும் இதில் மாட்டுவதுண்டு. 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தரவு வெளியான சில நாட்களிலேயே, மிகத் தொலைவில் கேலக்ஸி கண்டோம் என்று கட்டுரைகள் குவிந்தன. அவற்றில் பல, ஏவுவதற்கு முன் கணித்து வைத்த கேலிபரேஷன் எண்களை நம்பி எழுதப்பட்டவை. விண்வெளியில் அளந்த உண்மையான எண்கள் வந்ததும் பலர் தங்கள் கணக்கைத் திருத்தினார்கள். அவர்கள் அவசரக்காரர்கள் என்று நான் திட்ட மாட்டேன், புதுக் கருவியில் அது இயல்பு. சீயர்ஸ்-93316 என்ற கேலக்ஸியின் கதை வேறு. நிறங்களை வைத்து அதன் செம்பெயர்ச்சி (ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு, அது கூடினால் தொலைவும் கூடும்) 16-க்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். பிறகு நிறமாலை எடுத்துப் பார்த்தால் 4.9. வாயு சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டும் வலுவாக வீசும் ஒளி, அதாவது உமிழ்வுக் கோடுகள், சில வடிகட்டிகளில் விழுந்து, ரொம்பத் தொலைவிலிருக்கும் கேலக்ஸியைப் போல வேஷம் கட்டியிருந்தன. அதே சமயம் அளந்த மெய்சி கேலக்ஸி 11.4 என்று உறுதியாகி, உண்மையிலேயே தொலைவில்தான் நின்றது. நாளிதழில் ‘சாதனைத் தூரம்’ என்று படிக்கும்போது அது நிறத்தை வைத்துச் சொன்னதா, நிறமாலையை வைத்துச் சொன்னதா என்று மட்டும் தேடிப் பாருங்கள். அந்த ஒரு சொல் போதும்.

சில சமயம் கேள்வி ஆண்டுக்கணக்கில் இழுக்கும். 2014-இல் கேலக்ஸிக் கொத்துகளின் எக்ஸ்-கதிர் நிறமாலையில் 3.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) அருகே யாருக்கும் அடையாளம் தெரியாத மெல்லிய கோடு ஒன்று அறிவிக்கப்பட்டது. கரும்பொருள் எனப்படும், ஒளி தராத மர்மப் பொருள் சிதைகிறதோ என்று ஏகப்பட்ட கட்டுரைகள். 2016 பிப்ரவரியில் ஏவப்பட்ட ஜப்பானின் எக்ஸ்-கதிர் விண்கலம் ஹிட்டோமி, பெர்சியஸ் என்ற கேலக்ஸிக் கொத்தைப் பார்த்தது, அங்கே முன்பு சொன்ன அளவுக்கு வலுவான கோடு எதுவும் அதற்குத் தெரியவில்லை. மேலும் பார்க்க ஹிட்டோமி இல்லை. மார்ச் 26 அன்று, சுழற்சியை நிறுத்த வேண்டிய உந்துபொறிகள் அதைக் கூட்டிவிட்டன. அந்த உந்துபொறிகளுக்காக முன்கூட்டியே அனுப்பியிருந்த எண்கள் தவறானவை. விண்கலம் சுழன்று உடைந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்கும். யாரோ ஒருவர் ஒரு கோப்பில் எண்களை நிரப்பியிருக்கிறார், நாங்கள் தினமும் செய்கிற வேலை அது.

உதவி மையத்துக்கு எழுதத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தயக்கம் எனக்குப் புரிகிறது, ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைப்பார்களோ என்ற பயம். நாங்கள் அப்படி நினைப்பதில்லை, ஏனென்றால் அதே கேள்வியைப் போன மாதம் ஒரு பேராசிரியர் கேட்டிருப்பார். ஆனால் எழுதும்போது ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். அவதானிப்பு எண், மென்பொருள் பதிப்பு, கேலிபரேஷன் பதிப்பு, நீங்கள் தட்டிய கட்டளை, திரையில் வந்த பிழைச் செய்தி முழுவதும், இவ்வளவும் அனுப்பினால் அன்றே பதில் கிடைக்கும். பிழைச் செய்தியைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினால் நாங்கள் அதைப் பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டும். கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு எழுதாமல் இருந்தால் கோடிப் புண்ணியம்.

அந்த வெள்ளிக்கிழமை மாணவருக்குப் பதில் எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. விஷயம் நான்கு வரிதான், மனம் நோகாமல் சொல்ல மீதி நேரம் பிடித்தது. திங்களன்று ‘நன்றி’ என்று மட்டும் எழுதினார். அப்புறம் ஒன்றரை ஆண்டு சத்தமே இல்லை.

பிறகு இன்னொரு மடல். வேறொரு மூலம், வேறொரு அலை. இந்தத் தடவை வரைபடத்துக்குக் கீழே அவரே எழுதியிருந்தார்: டிதர் காலத்தோடு பொருந்தவில்லை, ஓரத்தில் இல்லை, செத்த பிக்சல் பக்கத்தில் இல்லை, பின்னணிக் கதிர்வீச்சு திடீரென்று கூடிய நேரங்களை வெட்டிவிட்டேன், பக்கத்திலிருக்கும் இரண்டு மூலங்களில் இந்த அலை இல்லை. நான் இரண்டு நாள் தேடினேன். சகா ஒருவரையும் தேடச் சொன்னேன். கருவியில் எங்களுக்கு எதுவும் அகப்படவில்லை. அப்படியே எழுதி அனுப்பினேன்.

அதை உறுதி செய்ய நேரம் கேட்டு அவர் போட்ட முன்மொழிவு அந்த ஆண்டு தேறவில்லை. இந்த ஆண்டு மறுபடி போடுகிறார். படிவத்தை முன்கூட்டியே அனுப்பி, கழித்தல் குறியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.