மனச்சோர்வில் இருப்பவருக்குத் துணையாகப் போகிறவர்களுக்கு

டிப்ரஷனில் இருப்பவருக்கு அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம், மருந்து இலவசம். ஆனால் அதை வாங்க, காலையில் எழுந்து, குளித்து, எட்டு மணிக்குள் ஓ.பி. சீட்டு வரிசையில் போய் நிற்க வேண்டும். இந்த நோய் முதலில் பறித்துக்கொள்வதே அந்தச் சக்தியைத்தான்.

என் பெரியம்மா மகனோடு இரண்டு வருடத்துக்கு மேல் அலைந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கே அண்ணனுக்கு விழிப்பு வந்துவிடும். ஆனால் எட்டரை ஆனாலும் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க முடியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் முகம் கொஞ்சம் தெளியும். இந்த நோய் உள்ள பலருக்கும் காலைதான் மோசமான நேரம். மருத்துவமனைக்கோ காலை மட்டும்தான் நேரம். முதல் இரண்டு முறை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சீட்டுக் கொடுக்கும் ஜன்னலை மூடியிருந்தார்கள். மூன்றாம் முறை நான் மட்டும் ஏழு மணிக்குப் போய் வரிசையில் நின்றேன். சீட்டு வாங்கியபின் போன் செய்தேன். பெரியம்மா பத்து மணிக்கு ஆட்டோவில் அவனை அழைத்து வந்தார். அன்றுதான் முதல்முறையாக டாக்டரைப் பார்த்தான். நீங்களும் இப்படியே செய்யுங்கள். "அவரை வரச்சொல்லுங்கள், அப்புறம்தான் சீட்டு" என்றால் சண்டை போட வேண்டாம். பெயர், வயதைச் சொல்லி, "நோயாளி வந்துகொண்டிருக்கிறார்" என்று சொன்னால் பெரும்பாலும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் டாக்டர் தாலுகா மருத்துவமனைகளுக்கு முறை வைத்து வருவார். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். அவர் வருவது குறிப்பிட்ட நாளில் மட்டும். மற்ற நாளில் போனால் பொது டாக்டர் பார்த்து, சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதி அனுப்பிவிடக்கூடும். வீட்டில் "டாக்டரிடம் காட்டியாயிற்று, ஒன்றும் இல்லையாம்" என்று முடித்துவிடுவார்கள். அதனால் நோயாளியை அழைத்துப் போவதற்கு முன்பே நீங்கள் தனியாகப் போய், "மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார், அடுத்த முறை எப்போது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே மருந்தை எந்த ஜன்னலில் தருகிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பும் மனமும் சோர்ந்த ஒருவரை மூன்று கட்டடம் நடக்க வைத்தால் அடுத்த முறை வரமாட்டார்.

உடனே போக முடியாவிட்டால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. முதலில் பேசுவது ஆலோசகர். தேவைப்பட்டால்தான் மனநல டாக்டருக்கு மாற்றுவார். இது ஆம்புலன்ஸ் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் 108-ஐத்தான் அழைக்க வேண்டும். நோயாளியே பேச வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அவர் போனை வாங்க மறுத்தால் நீங்கள் பேசுங்கள். எப்படிப் பேசுவது, எதைச் சொல்லக்கூடாது, எப்போது மருத்துவமனைக்குக் கொண்டு போவது என்று கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது மருந்து. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு இலவசமாகத் தர வேண்டும். மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மேலே எல்லா அரசு மருத்துவமனைக்கும் இது பொருந்தும். ஃப்ளுவாக்ஸெடின், எஸ்சிட்டலோபிராம், அமிட்ரிப்டிலின் ஆகியவை தேசியப் பட்டியலிலேயே இருக்கின்றன. "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோ" என்றால் அப்படியே திரும்பி வந்துவிடாதீர்கள். அதே டாக்டரிடம் போய், இருப்பில் உள்ள வேறு மருந்து எழுத முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள், விலை குறைவாக இருக்கும். ஆனால் ஒருநாள்கூட இடைவெளி விடாதீர்கள். இந்த மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்து நாளில் "ஒன்றும் மாறவில்லை" என்று நிறுத்துவதும், மூன்று மாதத்தில் "நல்லாயிட்டேன்" என்று நிறுத்துவதும்தான் நான் அதிகம் பார்த்த விபத்துகள். நிறுத்துவதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதுவும் படிப்படியாக. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் அவரைத் தனியாக விடாதீர்கள். மாத்திரை அட்டை உங்கள் கையில் இருக்கட்டும்.

இனி சொல்லப்போவதுதான் என்னை இதை எழுத வைத்தது.

ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால், கூட வந்தவர்கள் முதலில் பயப்படுவது போலீஸுக்கு. அதனால் "தெரியாமல் நடந்துவிட்டது" என்று எழுத வைக்கிறார்கள். விளைவு என்ன? உடம்புக்கு மட்டும் வைத்தியம் நடக்கிறது. மனநல டாக்டரைக் கூப்பிட யாருக்கும் காரணம் தெரிவதில்லை. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். அதே வீடு, அதே நோய், அதே எண்ணம். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் நடந்தது. அவர் இன்று இல்லை.

பயப்பட வேண்டியதில்லை. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரை வழக்குப் போட்டுத் தண்டிக்கக்கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு. அவருக்கு வைத்தியமும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. முன்பு தற்கொலை முயற்சியைக் குற்றம் என்று பயமுறுத்திய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது வழக்கமான நடைமுறை. ஒருவர் வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டு போகலாம். அதனால் நோயாளி குற்றவாளி ஆகிவிடமாட்டார். யாராவது "கேஸ் இல்லாமல் பார்த்துக்கிறேன்" என்று பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தனியார் மருத்துவமனை "இது போலீஸ் கேஸ், எடுக்கமாட்டோம்" என்றால், அவசர சிகிச்சையைச் சட்ட நடைமுறைக்காகத் தள்ளிப்போடக்கூடாது என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதைச் சொல்லுங்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்னால் மனநல டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்று கேளுங்கள்.

வார்டில் சேர்க்கும்போது கையெழுத்துத் தகராறு ஒன்று உண்டு. "புருஷன் வரணும்", "அப்பா கையெழுத்துப் போடணும்" என்பார்கள். சில வீடுகளில் அந்தப் புருஷனோ அப்பாவோதான் நோய்க்கே பாதிக் காரணம். பதினெட்டு வயதான யாரும் தனக்கு நம்பிக்கையான ஒருவரை நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை விஷயத்தில் தன் சார்பில் நிற்பவராக, வைத்துக்கொள்ளலாம் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம். அக்கா, சிநேகிதி, பக்கத்து வீட்டுக்காரர், பதினெட்டு வயதான யாராகவும் இருக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதி நோயாளி கையெழுத்தோ கைநாட்டோ போட வேண்டும், பிரதிநிதி ஆகிறவரும் சம்மதம் எழுதித் தர வேண்டும். நோயாளி கொஞ்சம் தெளிவாக இருக்கும் ஒரு சாயங்காலத்தில் இதை எழுதி வாங்கி வைத்துவிடுங்கள். அட்மிஷன் அன்று தேட முடியாது.

கம்பெனி வேலைக்குப் போகிறவருக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால் அதையும் விடாதீர்கள். நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். தனியார் டாக்டர் சான்றிதழை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடுவதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் வேண்டும், அதுவும் லீவு தொடங்கும்போதே. இந்த உதவி வாங்கும் காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று, 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டங்கள் வரும்வரை இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆவது பிரிவு சொன்னது. ஆனால் பாதிப் பேர் அதற்கு முன்பே, சூபர்வைசர் கேட்டார் என்று, தாங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மனச்சோர்வில் இருப்பவர் எந்தத் தாளிலும் உங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மெடிக்கல் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: உடல் நோய்க்கு என்ன அடிப்படையோ அதே அடிப்படையில் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது சட்டம். 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனத்துக்கும் இதைச் சுற்றறிக்கையாகவே அனுப்பியது. இருந்தும் கிளெய்ம் தள்ளுபடி ஆகிறது. அட்மிட் செய்து பரிசோதனை மட்டும் செய்ததாக டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால் பணம் வராது. என்ன சிகிச்சை தரப்பட்டது, ஏன் வார்டில் இருக்க வேண்டியிருந்தது என்று டாக்டர் தெளிவாக எழுத வேண்டும். கிளம்பும் முன்பே படித்துப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். தள்ளுபடிக் கடிதம் வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

நீண்டநாள் நோய் என்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் மன நோயையும் அதில் சேர்த்திருக்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்குப் பாதிப்பு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். தன்னைப் பராமரித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்ற நான்கையும், நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 

அண்ணனை அந்த மதிப்பெண் போடும் முகாமுக்குக் கூட்டிப்போன அன்று பெரியம்மா விடிய எழுந்து, வெந்நீர் போட்டு, முக்கால் மணி நேரம் கெஞ்சி அவனைக் குளிக்க வைத்தார். தானே சவரம் செய்துவிட்டார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "நீங்களே குளிப்பீங்களா?" என்றார். அண்ணன், "ஆமா சார்" என்றான். "சாப்பிடுவீங்களா?" "ஆமா சார்." நான்கு கேள்வி, இரண்டு நிமிடம். 30 சதவீதம் என்று எழுதிவிட்டார்கள். பெரியம்மா கதவுக்கு வெளியே நின்றிருந்தார், அவரை யாரும் கேட்கவே இல்லை. "நான் அவனுக்கு நல்ல சட்டை போட்டிருக்கக் கூடாதோ?" என்று பஸ்ஸில் என்னிடம் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பொய் சொல்லச் சொல்லவில்லை. அழுக்குச் சட்டையில் கூட்டிப்போகவும் சொல்லவில்லை. கூட இருப்பவரும் உள்ளே போயே ஆக வேண்டும். அந்த மதிப்பீட்டு முறையே பராமரிப்பவரிடமும் கேட்கச் சொல்கிறது. கடந்த ஒரு மாதத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எத்தனை நாள் யாரும் சொல்லாமலே குளித்தார், எத்தனை வேளை ஊட்ட வேண்டியிருந்தது, வேலைக்குப் போய் எத்தனை மாதம் ஆயிற்று, கடைசியாக யாரிடம் தானாகப் பேசினார். பழைய ஓ.பி. சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். தொடக்கத்து முதல் சீட்டுதான் நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி, அதைத் தொலைத்துவிடாதீர்கள். சதவீதம் குறைத்துப் போட்டால் மேல்முறையீடு உண்டு. நாங்கள் அப்படித்தான் செய்தோம். இரண்டாம் முறை பெரியம்மாவை நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். 50 சதவீதம் வந்தது. அட்டை வந்த கையோடு மாதப் பணம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு உதவிக்கும் தனி விண்ணப்பம், தனி விதி.

எங்காவது கதவு திறக்கவே இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், எண் 15100. மன நோய் உள்ளவருக்கு இலவச வக்கீல் கிடைக்கும்.

கூட இருப்பவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்கு அந்த வருடம் பத்து கிலோ இறங்கிவிட்டது. யாருமே கவனிக்கவில்லை, நான் உட்பட. ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு அவரே 14416-ஐ அழைத்து, மகனைப் பற்றிப் பேசத் தொடங்கி, பாதியில் தன்னைப் பற்றி அழுதிருக்கிறார். மறுமுனையில் இருந்த பெண் அவசரப்படாமல் கேட்டுவிட்டு, "அம்மா, நீங்க கடைசியா முழுசாத் தூங்கினது எப்போ?" என்று கேட்டாராம். அடுத்த வாரம் ஓ.பி.யில் நான் இரண்டு சீட்டு வாங்கினேன்.