கொஞ்சம் பொறு என்று வலியிடம் சொல்லும் செல்கள்

ஆய்வகக் கூண்டில் ஓர் எலி. பின்னங்கால்களில் குந்திக்கொண்டு, முன்னங்கால்கள் இரண்டாலும் ஒரு சாக்லேட் துண்டைப் பிடித்துக் கொறிக்கிறது. கூண்டின் தரைக்குக் கீழே ஒரு விளக்கு. அதன் சூடு எலியின் பாதத்தில் விழுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் எலியாக இருந்தால், சூடு உறைத்ததும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்ளும். இந்த எலியும் காலைத் தூக்குகிறது. ஆனால் தாமதமாகத் தூக்குகிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹேலி ஃபூவும் பெக்கி மேசனும் அந்தத் தாமதத்தை அளந்து 2005இல் வெளியிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. எலிகளின் மூளைத்தண்டில், நடுக்கோட்டை ஒட்டிய ஒரு சிறு பகுதியை மருந்து செலுத்திச் சிறிது நேரம் செயலிழக்க வைத்தார்கள். அப்போது தாமதம் காணாமல் போனது. சாப்பிடும் எலியும் சும்மா இருக்கும் எலியைப் போலவே சட்டெனக் காலை இழுத்தது. அப்படியானால் சூட்டைத் தள்ளிப்போட்டது நாக்கின் ருசியோ வயிற்றின் பசியோ மட்டும் இல்லை. இடையில் யாரோ 'கொஞ்சம் பொறு' என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த 'யாரோ' இருக்கும் இடத்துக்கு ராஃபே மேக்னஸ் என்று பெயர். ராஃபே என்றால் கிரேக்கத்தில் தையல். இடது பாதியும் வலது பாதியும் சேரும் கோட்டில், துணியைச் சேர்த்துத் தைத்த இடம்போல இந்தச் செல் கூட்டம் அமைந்திருப்பதால் அந்தப் பெயர். மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் மேல்பகுதியில் இருக்கிறது. மூளைத்தண்டு மொத்தமுமே நம் கட்டைவிரல் அளவுதான். மூச்சு, இதயத்துடிப்பு, விழுங்குதல், தூக்கம், சிறுநீர் என்று நாம் நினைத்துப் பார்க்காமலே நடக்கும் வேலைகள் எல்லாம் அந்தக் கட்டைவிரலுக்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வலியைக் கூட்டிக் குறைக்கும் செல்கள் ஏன் இந்த வீட்டுவேலைச் செல்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருக்கின்றன? மேசனின் ஆய்வு வாழ்க்கையில் பெரும்பகுதி இந்தக் கேள்வியோடு போயிருக்கிறது என்று சொல்லலாம்.

முதலில் வலி எப்படி ஏறுகிறது என்று பார்த்துவிடுவோம். தோலில் கிளம்பும் செய்தி இரண்டு வகை நரம்பிழைகளில் வருகிறது. மெல்லிய உறை போர்த்திய இழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் அதைக் கொண்டுபோகும். 'சுரீர்' என்ற முதல் வலி அது. உறையில்லாத இழைகளில் வேகம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கால் விரலை மேசைக் காலில் இடித்துக்கொண்டால் சுரீரென்று ஒரு வலி வந்து, பின்னால் இன்னொரு மந்தமான வலி மெல்ல எழும்புகிறதே, அந்த இடைவெளி இந்த வேக வித்தியாசம்தான். இரண்டும் தண்டுவடத்தின் பின்கொம்பு என்ற இடத்தில் அடுத்த செல்லிடம் செய்தியைக் கைமாற்றுகின்றன. அங்கேதான் மூளையின் தலையீடு நடக்கிறது. செய்தி மேலே ஏறுவதற்கு முன்பே, மேலிருந்து இறங்கும் நரம்பிழைகள் அதைத் தணிக்கவோ தூக்கிவிடவோ முடியும்.

இறங்கும் பாதை ஒன்று இருக்கிறது என்பதை 1969இல் டேவிட் ரெனால்ட்ஸ் அழுத்தமாகக் காட்டினார். நடுமூளையில் ஒரு நீர்க்கால்வாயைச் சுற்றிச் சாம்பல்நிறப் பகுதி ஒன்று உண்டு. எலியின் அந்தப் பகுதியில் மின்சாரம் செலுத்திக்கொண்டே, மயக்க மருந்து இல்லாமல் வயிற்றில் அறுவை செய்தார். எலி வலியால் துடிக்கவில்லை. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும், மூளை தானே தயாரிக்கும், வலிநீக்கி மருந்தான மார்ஃபின் போன்ற பொருளான என்கெஃபலினைக் கண்டுபிடித்தார்கள். இரண்டும் ஒரே கதையின் பகுதிகள் என்பது படிப்படியாகத் தெளிவானது. நடுமூளையின் சாம்பல் பகுதி ராஃபே மேக்னஸுக்கும் அதன் அக்கம்பக்கத்துக்கும் ஆணையிடுகிறது. அங்கிருந்து தண்டுவடத்துக்கு ஆணை இறங்குகிறது. இந்த வழியெங்கும் மார்ஃபின் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன.

அந்த ஆணையை இறக்குவது எந்தச் செல்? 1983இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் ஹோவர்ட் ஃபீல்ட்ஸ் குழு வெளியிட்ட சோதனை இந்தத் துறையைப் புரட்டிப்போட்டது. லேசான மயக்கத்தில் இருக்கும் எலி. முகுளத்துக்குள் மயிரிழையைவிட மெல்லிய நுனி கொண்ட மின்முனை. அது பிடிக்கும் ஒவ்வொரு மின்துடிப்பையும் ஒலிபெருக்கி வழியே ஒரு 'டிக்' சத்தமாகக் கேட்கலாம். ஒரு செல் 'டிக் டிக் டிக்' என்று ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. வாலின்மேல் விளக்கின் சூடு ஏறுகிறது. வால் இன்னும் அசையவில்லை. திடீரென்று ஒலி நிற்கிறது. அப்புறம்தான் வால் சட்டென விலகுகிறது. இதற்கு 'ஆஃப்' செல் என்று பெயர் வைத்தார்கள். பக்கத்திலேயே இன்னொரு வகை: அதுவரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, வால் விலகுவதற்குச் சற்று முன்னால் சடசடவென்று பொரிந்து தள்ளும். அது 'ஆன்' செல். எதிலும் பட்டுக்கொள்ளாத மூன்றாவது வகைக்கு நடுநிலைச் செல் என்று பெயர். மார்ஃபின் கொடுத்தால் ஆன் செல்கள் அடங்கிவிடுகின்றன, ஆஃப் செல்கள் இடைவிடாமல் துடிக்கின்றன, வால் விலகுவதில்லை.

ஆஃப் செல் வலிக்குப் பூட்டு, ஆன் செல் சாவி. இவ்வளவு அழகான விளக்கம் கையில் கிடைத்துவிட்டால் பலரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். 1987இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் முடித்து, ஃபீல்ட்ஸின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த மேசன் அங்கே நிற்கவில்லை. அவருடைய பாதையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது: கற்ற பாடத்தையே ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தார்.

முதல் கல் செரட்டோனின், நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள். ராஃபே மேக்னஸில் செரட்டோனின் சுரக்கும் செல்கள் நிறைய உண்டு. ஆகவே வலியைத் தடுப்பது அவையே என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. மேசனும் கூட்டாளிகளும் ஒரு செல்லின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். அது ஆனா, ஆஃபா, நடுநிலையா என்று குறித்துக்கொண்டு, அதே செல்லுக்குள் அடையாளப் பொருளை நிரப்பினார்கள். பிறகு மூளையைச் சீவி, அதில் செரட்டோனின் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒரு செல்லுக்கே நாள் கணக்கில் உழைப்பு பிடிக்கும் வேலை. 1994இல் வெளிவந்த விடை தெளிவாக இருந்தது: ஆன் செல்களிலும் இல்லை, ஆஃப் செல்களிலும் இல்லை; ஒரே ஒரு வகையில், நடுநிலைச் செல்களில்தான் செரட்டோனின் இருந்தது. செரட்டோனின் செல்கள் வலி வந்தாலும் வராவிட்டாலும் மெதுவாக, ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருப்பவை. வலி வந்த நொடியில் பூட்டைத் திருப்பும் வேலைக்கு அவை பொருந்தவில்லை.

இரண்டாவது கல் இன்னும் அடிப்படையானது. 1992இல் சிகாகோவுக்குப் போன மேசன் தன் ஆய்வகத்தில் கேட்ட கேள்வி: வலியே இல்லாத நேரத்தில் இந்தச் செல்கள் என்ன செய்கின்றன? வலி அடங்குவதைப் பற்றிப் பேச வந்தாலே போர்க்களத்தில் காயம்பட்ட வீரனின் கதையில்தான் தொடங்குவது வழக்கம். போரும் சிங்கத் துரத்தலும் ஓர் உயிரின் வாழ்நாளில் எத்தனை முறை வரும்? சாப்பாடும் தூக்கமும் தினமும் வருகின்றன.

அதனால் மயக்க மருந்து இல்லாமல், இயல்பாக நடமாடித் தூங்கும் எலிகளில் பதிவு செய்தார்கள். சிந்தியா லியுங்கோடு சேர்ந்து 1999இல் அவர் வெளியிட்ட முடிவு: எலி விழித்திருக்கும்போது ஆன் செல்கள் சுறுசுறுப்பு, ஆழ்ந்த தூக்கத்தில் அவை அடங்கி, ஆஃப் செல்கள் தொடர்ந்து துடிக்கின்றன. எங்கேயும் வலி இல்லை. ஆனாலும் அதே பூட்டு, அதே சாவி. தூங்கும்போது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது, போர்வை மடிப்பு உறுத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் விழித்தால் தூக்கம் என்ற ஒன்றே இருக்காது. அதற்காக வீட்டில் தீப்பிடித்தாலும் எழாமல் கிடக்க முடியாது. வலுவான தூண்டல் வந்தால் ஆன் செல்கள் பொரிந்து, ஆஃப் செல்கள் நின்று, உடல் விழிக்கிறது.

அடுத்து சிறுநீர். கேட்கச் சிரிப்பு வரலாம், ஆனால் நடுவில் நிறுத்தினால் தொல்லை தரும் வேலைகளில் இதுவும் ஒன்று. சிறுநீர்ப்பை நிறைந்து சுருங்கும் நேரத்தை ஒட்டி ஆன், ஆஃப் செல்களின் துடிப்பு மாறுவதை மேசனின் குழு 2005இல் காட்டியது. வலிச் செல்கள் என்று பெயர் வாங்கியவை, சிறுநீரை அடக்குவதிலும் கழிப்பதிலும் பங்கு வகிக்கின்றன. இதில் வியப்பு கொஞ்சம் குறைவுதான். ராஃபே மேக்னஸின் இழைகள் தண்டுவடத்தின் உச்சி முதல் அடிவரை எல்லா மட்டங்களுக்கும் போகின்றன. வலிச் செய்தி வரும் இடத்துக்கு மட்டுமல்லாமல், உள்ளுறுப்புகளை இயக்கும் செல்கள் இருக்கும் இடத்துக்கும் போகின்றன. மார்ஃபின் வாங்கிய நோயாளிக்கு வலி குறைவதோடு சிறுநீர் கழிப்பதும் சிரமமாவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறார்கள். அதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் வலிக்கும் சிறுநீருக்கும் பொதுவான செல்கள் இருக்கும்போது, ஒன்றைத் தொட்டு மற்றதைத் தொடாத மருந்து செய்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

சாக்லேட் கொறித்த எலி இந்த வரிசையில் வந்ததுதான். 2009இல் ஃபூவும் மேசனும் சோதனையை நீட்டினார்கள். சர்க்கரைத் தண்ணீரும், கலோரி இல்லாத இனிப்பான சாக்கரின் கலந்த தண்ணீரும் எலியின் வாய்க்குள் விடப்பட்டன. இரண்டிலும் தாமதம் வந்தது. ஆக, கலோரி காரணம் இல்லை. வெறும் தண்ணீருக்கும் வந்தது. கசக்கும் குவினைன் விட்டபோது எலி வழக்கம்போலக் காலை இழுத்தது. எலிக்குப் பிடித்தது வாயில் இருக்கும்வரை, அதை விழுங்கி முடிக்க உடல் இடம் கொடுக்கிறது. துப்ப வேண்டியது என்றால் அந்தச் சலுகை இல்லை. பச்சிளம் குழந்தைக்குக் குதிகாலில் ஊசி குத்தும்முன் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விடும் வழக்கம் மருத்துவமனைகளில் உண்டு. அது ஏன் பலிக்கிறது என்று யோசிக்க இந்த எலிகள் ஒரு நல்ல வழி காட்டுகின்றன.

நாள்பட்ட வலியில் இந்த ஏற்பாடு புரண்டுவிடுகிறது. காயம் ஆறிய பின்னும் ஆன் செல்களின் பக்கம் தராசு சாய்ந்திருந்தால், வலியைத் தணிக்க வேண்டிய பாதையே அதை ஊதிப் பெருக்குகிறது. பல ஆய்வகங்கள் இன்று உழைப்பது இந்த இடத்தில்தான்.

மேசன் இன்னொரு பக்கம் திரும்பினார். தன் வலியை எலி எப்போது ஒத்திவைக்கிறது என்று இத்தனை ஆண்டுகள் பார்த்தவருக்கு, அடுத்ததன் துன்பம் எலியை என்ன செய்கிறது என்ற கேள்வி வந்தது. இன்பால் பென்-அமி பார்டல், ஜான் டெசெட்டி ஆகியோரோடு 2011இல் வெளியிட்ட சோதனையில், ஓர் எலியை ஒளிபுகும் குழாய்க்குள் அடைத்து, அதன் கூண்டுத் தோழனை வெளியே விட்டார்கள். வெளியே இருந்த எலி குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. இரண்டாவது குழாயில் சாக்லேட்டை வைத்தபோது இரண்டையும் திறந்தது. பெரும்பாலும் சாக்லேட்டில் ஒரு பங்கைத் தோழனுக்கும் விட்டுவைத்தது.

2016இல் இதை மருந்துகளோடு திரும்பச் செய்தார்கள். இதயப் படபடப்பை அடக்கினாலும் மூளைக்குள் எளிதில் நுழையாத நாடலால் மருந்தைக் கொடுத்தபோது, எலிகள் வழக்கம்போலத் தோழனை விடுவித்தன. பதற்றத்தைத் தணிக்கும் மிடாசோலம் மூளைக்குள் போகும். அதைப் பெற்ற எலிகளுக்குக் கதவைத் திறக்கத் தெரிந்திருந்தது. சாக்லேட் இருந்த குழாயைத் திறந்தன. தோழன் அடைபட்டிருந்த குழாயைப் பெரும்பாலும் திறக்காமலே விட்டுவிட்டன.