பெயிண்டுக்கு முன்னால் பிரேக்

சில மாதங்களுக்கு முன் என் பட்டறை வாசலில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வந்து நின்றது. 1968 மாடல். வெளிர் நீலப் பெயிண்ட், முகம் பார்க்கலாம் போலப் பம்பர், புதிதாகத் தைத்த சீட். டீ குடித்துக்கொண்டிருந்த பையன்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அதைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய அப்பா வாங்கிய கார். பதினைந்து வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை எடுத்து, டிங்கரிங்கில் தொடங்கி எல்லாம் முடித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்திருந்தார்.

"பிரேக் மட்டும் லேசா பாருங்க தம்பி. ரெண்டு தடவை பம்ப் பண்ணினாத்தான் பிடிக்குது."

"இதுலயா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"மெதுவாத்தான் வந்தேன்."

இந்தப் பதிலை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய காரை வெளியில் எடுப்பவர்கள் முதலில் பெயிண்டுக்குச் செலவு செய்கிறார்கள், கடைசியில் மிச்சமிருக்கும் பணத்தில் பிரேக்கைப் பார்க்கிறார்கள். நான் சொல்வது நேர் எதிர். பெயிண்ட் உரிந்த வண்டியால் யாருக்கும் ஆபத்து இல்லை.

இன்றைய கார்களில் பிரேக் லைன், அதாவது பிரேக் ஆயில் போகும் குழாய், இரண்டு பாதையாகப் பிரிந்திருக்கும். ஒன்று கசிந்தாலும் மற்றது பாதி வேலையாவது செய்யும். அந்தக் கால ஹெரால்டுக்கும் அம்பாசிடருக்கும் ஒரே லைன்தான். ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயில் அழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் இருக்கும். அதில் எந்த ஒன்றின் ரப்பர் கப் கிழிந்தாலும் பிரேக் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உள்ளது. வண்டி ஓடாமல் நின்றால் அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரைத் துருப்பிடிக்க வைக்கும், துருவின் சொரசொரப்பு ரப்பரை அறுக்கும். அந்த ஹெரால்டின் பின்சக்கர சிலிண்டரைப் பிரித்தபோது உள்ளே காப்பிப் பொடி மாதிரி கொட்டியது. நான்கு சக்கரத்துக்கும் புது ரப்பர் கிட், புது ஹோஸ், மிதியோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளே புது உறை (ஸ்லீவ்) என்று வேலை மூன்று வாரம் இழுத்தது. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றுங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எல்லா ரப்பரும் ஊதி வீணாகிவிடும்.

ஹெரால்டின் அழகைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டாக வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலாட்டி. 1961இல் நம்ம சென்னை ஸ்டாண்டர்ட் கம்பெனி இங்கே தயாரிக்கத் தொடங்கியது. வண்டலூரில் செய்த கார் என்பதால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதன் மேல் சொந்தக்காரப் பாசம் உண்டு. முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து முழு பானெட்டும் முன்னோக்கிக் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரை டியூன் செய்யலாம். பெட்ரோல் பம்பின் மேல் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும், பெட்ரோல் வருகிறதா, தூசி கிடக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். இன்ஜின் 948 சிசிதான். வேகம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் காலை நேரத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஐம்பதில் போகும்போது கியர்பாக்ஸின் அந்த மெல்லிய முனகல் கேட்கும் பாருங்கள், அது வேறு எந்த வண்டியிலும் கிடைக்காது. முதல் கியருக்கு, கியரைச் சத்தமில்லாமல் விழவைக்கும் சிங்க்ரோ கிடையாது. ஓடும்போது முதலுக்கு வர வேண்டுமானால் நியூட்ரலில் கிளட்சை விட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துப் போட வேண்டும். சரியாக விழுந்தால் நமக்கே ஒரு கர்வம் வரும்.

அதே ஹெரால்டில் உயிரோடு விளையாடும் இடம் ஒன்று உண்டு. முன்சக்கரத்தின் கீழ்மூட்டு. ட்ரன்னியன் என்போம். வெண்கலக் கட்டைக்குள் இரும்பு மரை, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரை கொஞ்சம் ஏறி இறங்கும். இதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, கியர் ஆயில். நான் தொழில் கற்ற காலத்தில் இது தெரியாமல், கிரீஸ் ஏற்றும் மற்ற நிப்பிள்களுக்கு அடித்த கையோடு இதற்கும் கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிட்டேன். மேஸ்திரி கன்னைப் பிடுங்கி, என்னையே அதைக் கழற்றிக் கழுவ வைத்தார். கிரீஸ் நாளடைவில் இறுகி வழியை அடைத்துவிடும், உள்ளே புகுந்த தண்ணீர் இரும்பைத் தின்னும். ஒரு நாள் மரை ஒடிந்து சக்கரம் உள்ளே மடங்கிவிடும். பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும் வேளையில்தான் ஒடியும், வண்டி மெதுவாகப் போகும் நேரம் என்பதால் அந்தமட்டும் அதிர்ஷ்டம். ஹெரால்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் ஜாக்கி வைத்து இதைப் பாருங்கள். அப்புறம் பின்பக்க ஸ்விங் ஆக்ஸில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் அச்சு. வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்ளே மடிந்து வண்டி தூக்கிப் போடும். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைக்க வேண்டும்.

இப்போது பெட்ரோல். பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இந்த வண்டிகளைச் செய்தபோது யாரும் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய ரப்பர் ஹோஸும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் தகடான டயாஃப்ரமும் இதில் ஊறி, பிசுபிசுத்து, பிறகு விரிசல் விடும். கசிவது எங்கே? சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில். பழைய கார் தீப்பிடித்தது என்றால் எனக்கு முதல் சந்தேகம் அந்த ஒரு ஜாண் ஹோஸ் மேல்தான். எத்தனால் தாங்கும் ஹோஸ் கடைகளில் கிடைக்கிறது, மேலே ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். வருடத்துக்கு ஒரு முறை மாற்றினாலும் அது பெரிய காசில்லை. எத்தனால் டேங்கின் பழைய அழுக்கையும் கிளப்பிவிடும், அதனால் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப் போவதானால் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள், தண்ணீர் இழுத்து அடியில் தேங்கிவிடும். சீட்டுக்குக் கீழே ஒரு சிறிய தீயணைப்பான், பாட்டரிக்கு ஒரு கட்டாஃப் சுவிட்ச். வண்டியின் பழமை கெடுகிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பாட்டரி என்றதும் இன்னொன்று. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறாகப் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும், எர்த் என்போம். பாட்டரி இறங்கிப்போய், பக்கத்து வீட்டுக்காரர் உதவிக்கு வந்து தன் வண்டியிலிருந்து வழக்கமான மாதிரி கேபிள் மாட்டினால் புகைதான் வரும். கேபிளை எடுப்பதற்கு முன் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பாருங்கள்.

அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்து காட்டுவதில் ஒரு பெருமை காட்டுவார்கள். கல்யாணத்தில் வீடியோ எடுக்கும்போது இது கட்டாயம் நடக்கிறது. கட்டைவிரலால் ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள். ஸ்பார்க் டைமிங் முன்கூட்டி இருந்தால் இன்ஜின் எதிர்த்து உதைக்கும். கட்டைவிரலோ மணிக்கட்டோ உடைந்த ஆட்கள் பழைய டிரைவர்களில் நிறைய.

டயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பட்டன் தேயாமல் இருக்கும், ஆனால் வயசாகியிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ஆறேழு வருடம் தாண்டினால் நான் மாற்றச் சொல்லிவிடுவேன், சண்டை போட்டாலும் சரி.

காகித விஷயமும் உண்டு. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, அசல் நிலை மாறாத, வாடகைக்கு ஓடாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. எண்ணில் மாநில எழுத்துக்குப் பிறகு விஏ என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் கடைக்குப் போய்வர முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது மாதிரியான காரணங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஆசிரியருக்கு இதைச் சொன்னபோது சட்டென்று வேண்டாம் என்றுவிட்டார். "ஓட்டத்தானே தம்பி எடுத்தேன்." பழைய ஆர்சியையே புதுப்பித்து வைத்திருக்கிறார்.

அது எனக்கும் பிடித்த முடிவு. வாரம் ஒரு தடவை அரை மணி நேரம், இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓடும் வண்டிதான் நலமாக இருக்கிறது. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது கெடுதல். சூடேறாத இன்ஜினின் ஆயிலில் தண்ணீரும் பெட்ரோலும்தான் சேரும். பிரேக்கும் கிளட்சும் அசையாது.

வண்டியை எடுத்துப் போகும்போது அவரிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். நிறுத்தும் இடத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து வையுங்கள், தினம் காலையில் அதைப் பாருங்கள் என்று. போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"தம்பி, அட்டையில ஒரு சொட்டு இருக்கு."

"எந்த இடத்துல சார்? என்ன கலர்?"

"நடுவுல. கறுப்பா இருக்கு."

"அது இன்ஜின் ஆயில் சார், ஹெரால்டுன்னா ஒரு சொட்டு வைக்கும். சக்கரத்துக்கு உள்பக்கமா ஈரம் தெரிஞ்சா மட்டும் வண்டிய எடுக்காதீங்க, நான் வர்றேன்."

"இருங்க, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.