பலகை தேட வேண்டாம், பாத்ரூமைப் பாருங்கள்

"மேடம், ஆபரேஷன் முடிஞ்சு படுக்கிற பலகை எத்தனை அங்குலம் தடிமன் இருக்கணும்?"

முதுகு ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் வீட்டார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பாத்ரூமை என்ன செய்வது என்று கேட்பவர்கள் அபூர்வம். ராகு காலம், எமகண்டம், அஷ்டமி எல்லாம் பார்த்துத்தான் அட்மிஷன் போடுகிறார்கள். கமோடு நாற்காலியை மட்டும் டிஸ்சார்ஜ் அன்று, வண்டியைக் காக்க வைத்துவிட்டு, கடை கடையாக ஓடி வாங்குகிறார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். போன வாரம் குடியாத்தம் பக்கம் ஒரு தறிக்காரர் வீடு. டிஸ்க் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். கூடத்துத் தரையில் ஒரு பலகை, அதன்மேல் ஒரு போர்வை, அதில் அவர். "நைனாவை அசையவே விடலை மேடம்" என்று மகன் பெருமையாகச் சொன்னார். சாப்பாடு படுத்தபடி, மூத்திரம் பாட்டிலில். வெளிக்குப் போக மட்டும் இரண்டு மகன்களும் அக்குளில் கை கொடுத்துத் தரையிலிருந்து இழுத்துத் தூக்குவார்களாம். ஆபரேஷன் செய்த முதுகுக்கு இதைவிடக் கெடுதல் என்ன செய்துவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. எழுப்பி நிற்க வைத்தால் அவருக்குத் தலை சுற்றுகிறது, தொடை நடுங்குகிறது. டிஸ்சார்ஜ் தாளில் 'தினமும் நடக்க வேண்டும்' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பக்கத்து அறையில் மருமகள் சீராகக் கொண்டுவந்த கட்டில், நல்ல மெத்தையோடு இருக்கிறது. அதன்மேல் மடிக்காத துணி குவிந்து கிடக்கிறது.

சரி, இந்தப் பலகை விஷயத்தை ஒரு தடவை முழுதாகப் பேசிவிடலாம்.

பலகையில் படுக்கச் சொன்னது யார் என்று கேட்டால், டாக்டர் என்று யாரும் சொல்வதில்லை. பெரியப்பா சொன்னார், எதிர்வீட்டில் அப்படித்தான் செய்தார்கள், இப்படித்தான் பதில் வரும். பெரியப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு காலத்தில் முதுகுவலி என்று போனால் டாக்டர்களே வாரக்கணக்கில் படுத்திருக்கச் சொன்னார்கள். வைத்தியம் மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது, நம் வீட்டுக் கூடங்கள்தான் மாறவில்லை. முதுகெலும்பு நேர்க்கோடு கிடையாது. இடுப்பில் உள்வாங்கித்தான் இருக்கும். பலகையில் மல்லாந்து படுத்தால் தோள்பட்டையும் புட்டமும் குதிகாலும் பலகையில் அழுந்தும், இடுப்பு தாங்கலில்லாமல் நிற்கும். வயதானவர், ஒல்லியானவர், சர்க்கரை உள்ளவர் என்றால் அழுந்தும் இடத்தில் தோல் பிய்ந்து படுக்கைப் புண் வரும். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரிடம் மெத்தைகளை ஒப்பிட்டுப் பார்த்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. அவர்கள் ஆபரேஷன் ஆனவர்கள் அல்லர்தான். ஆனாலும் 'எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது' என்ற நம்பிக்கைக்கு அது போதுமான பதில்.

பலகையைவிடப் பெரிய தொல்லை தரை. குனியாதே, முறுக்காதே, பாரம் தூக்காதே என்று மூன்றைத்தான் சர்ஜன் தடை செய்கிறார். தரையிலிருந்து எழ, குனிந்து, ஒரு பக்கம் முறுக்கி, முழு உடம்பையும் தூக்க வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில்! அதனால் கட்டில்தான். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிட மேலே ஏறக்கூடாது. மெத்தையோடு சேர்த்து ஏறக்குறைய 18 முதல் 20 அங்குலம் பலருக்குச் சரியாக வரும். தென்னை நார் மெத்தை போதும். நடுவில் குழி விழுந்த பழைய இலவம்பஞ்சு மெத்தை, நாடாக் கட்டில், கயிற்றுக் கட்டில் மூன்றும் வேண்டாம். எந்தப் பக்கமாக இறங்க வசதியோ அந்தப் பக்கம் சுவரில் ஒட்டாமல் கட்டிலைப் போடுங்கள்.

எழுவதற்கும் ஒரு முறை உண்டு. மரக்கட்டை உருளுவது போல, தோளும் இடுப்பும் முழங்காலும் ஒன்றாகத் திரும்பி ஒருக்களிக்க வேண்டும். பிறகு கால்கள் கட்டிலிலிருந்து இறங்கும்போதே கீழ் முழங்கையையும் மேல் கையையும் ஊன்றி உடம்பை நிமிர்த்த வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லித் தருவார்கள். அந்த நேரத்தில் வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், கேண்டீனில் இருக்கக்கூடாது. கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதை இன்றோடு மறந்துவிடுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவிலும், மல்லாந்தால் முழங்காலுக்கு அடியிலும் ஒரு தலையணை.

சாதாரண டிஸ்க் ஆபரேஷன் என்றால் அன்றைக்கோ மறுநாளோ நடக்க வைத்துவிடுகிறார்கள். முதுகெலும்பில் ஸ்க்ரூவும் ராடும் போட்டவர்களையும் சீக்கிரமே எழுப்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தவர் வீட்டுக்கு வந்ததும் படுத்த படுக்கையாவது எப்படி என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதுவும் இந்த ஊரில்! 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்த ஊர் வேலூர். அவருடைய உழைப்பில் 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையமே வந்தது. அதே மாவட்டத்தில் ஒருவரை மூன்று வாரம் தரையில் கிடத்தி வைத்திருக்கிறோம்.

நடப்பதென்றால் மைல் கணக்கில் அல்ல. வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், ஒரு நாளைக்குப் பல தடவை, அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டலாம். நம் ஊர் வெயிலில் காலை ஏழு மணிக்குள், இல்லையென்றால் மாலை ஆறுக்கு மேல். அதற்கு வழி வேண்டும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நீங்களே ஒரு முறை நடந்து பாருங்கள். பழைய புடவையை மடித்துப் போட்ட கால்மிதி, டேபிள் ஃபேன் ஒயர், சைக்கிள், அரிசி மூட்டை எல்லாம் இடத்தை விட்டுப் போகட்டும். நிலைப்படியை இடிக்க வேண்டாம், பளிச்சென்று ஒரு பெயிண்ட் கோடு போதும். கழிப்பறை தோட்டத்துப் பக்கம் இருந்தால் அங்கே போகும் வழியில் ஒரு லைட் போடுங்கள்.

கழிப்பறைதான் முக்கியம். குத்துக்காலிட்டு உட்காரும் பேசின் என்றால், அதன்மேல் வைக்கும் ஓட்டை நாற்காலி எல்லா சர்ஜிகல் கடையிலும் கிடைக்கிறது. இடா ஸ்கடர் ரோட்டுப் பக்கம் போனால் வரிசையாகக் கடைகள். கைப்பிடி உள்ளதாக, ரப்பர் புஷ் தேயாததாகப் பார்த்து, அட்மிஷனுக்கு முந்தின வாரமே வாங்கி, ஒல்லியானவர் ஒருவரும் குண்டானவர் ஒருவரும் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். வெஸ்டர்ன் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் அதன் உயரத்தைப் பார்க்க வேண்டும். தாழ்வாக இருந்தால் மேலே பொருத்தும் உயர இருக்கை உண்டு. துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழ விடாதீர்கள், அது உங்கள் துண்டைத் தாங்குவதே பெரிய விஷயம். சுவரில் துளை போட்டுப் பொருத்தும் கைப்பிடிக் கம்பிதான் வேண்டும். குளிக்கிற இடத்துப் பாசியை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். பக்கெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள், அவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும். காலை வேறு யாராவது கழுவிவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒருவரை அதிகம் குனிய வைக்கும் பொருள் எது தெரியுமா? தரைக்குப் பக்கத்தில் இருக்கும் பிளக்கில் சார்ஜ் போட்ட மொபைல். அது, தண்ணீர், மாத்திரை, கண்ணாடி, சீப்பு எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலான உயரத்தில் இருக்க வேண்டும். பூஜை அறை விளக்கு தரையில் இருந்தால் கொஞ்ச நாள் வேறு யாராவது ஏற்றட்டும். சாமி கோபித்துக்கொள்ளாது.

நாற்காலி கைப்பிடியோடு, உறுதியாக இருக்க வேண்டும். புதைகிற சோஃபா கூடாது. ஒரே அளவு பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் உயரமும் கிடைக்கும், ஆட்டமும் குறையும். ஆரம்பத்தில் ஒரே இருப்பில் 20, 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இங்கேதான் விருந்தாளிகள் வருகிறார்கள். ஆரணியிலிருந்து ஒரு கூட்டம், வாலாஜாவிலிருந்து ஒரு கூட்டம். வந்தவர்கள் முன் படுத்திருக்கக் கூடாதென்று நோயாளி மரியாதைக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: அரை மணி நேரம், அப்புறம் அவர் எழுந்து நடக்கணும். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

நோயாளி அம்மாவாக இருந்தால் கதை நேர் எதிர். அப்பாவை அசைய விடாத அதே வீட்டில் அம்மாவைப் படுக்க விடுவதில்லை. 'சும்மா நின்றபடி ஒரு சாம்பார் மட்டும்' என்று தொடங்கும். மறுநாள் துடைப்பம், அதற்கடுத்த நாள் தண்ணீர்க் குடம். நிறைந்த குடம் பத்துக் கிலோவுக்கு மேல் போகும். முதல் வாரங்களில் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். பேரப்பிள்ளையும் அந்தக் கணக்கில் வரும். அம்மாவுக்காக வீட்டைத் தயார் செய்வதென்றால் ஆளைத் தயார் செய்வது. சமையல் யார், தண்ணீர் யார், கிரைண்டர் கழுவுவது யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். 'எல்லாரும் பார்த்துக்குவோம்' என்றால் அம்மாதான் பார்த்துக்கொள்வார். பீடி சுற்றுகிறவர், குழித்தறியில் உட்காருகிறவர் என்றால் அந்த வேலை எப்படி உட்கார்ந்து செய்வது என்பதை சர்ஜனிடம் செய்தே காட்டுங்கள். 'வீட்டு வேலைதான்' என்று சொன்னால் அவருக்கு எப்படிப் புரியும்?

வீட்டுக்கு வரும் பயணத்துக்கு ஷேர் ஆட்டோ வேண்டாம். காரில் முன் இருக்கையைச் சற்றுச் சாய்த்து, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி நாலு எட்டு நடக்க வையுங்கள். ஜமுனாமரத்தூர் மாதிரி மலைப்பாதை ஊர்க்காரர்கள் டிஸ்சார்ஜுக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

காயத்தில் மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதுவும் கூடாது. சுளுக்கு எடுக்கிறவரை வீட்டுப் பக்கமே விடாதீர்கள், எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும். இடுப்பு பெல்ட்டை டாக்டர் சொன்னால் போடுங்கள், சொன்ன நாள்வரை மட்டும். முட்டை, பருப்பு, மீனைப் பத்தியம் என்று நிறுத்தாதீர்கள், புண் ஆற அதெல்லாம் வேண்டும். வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலைக் கொண்டுவரும். தண்ணீரும் கீரையும் வாழைப்பழமும் போதவில்லை என்றால் முக்கிக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் மருந்து கேளுங்கள். பீடி, சிகரெட் பற்றி ஒரே வரி: எலும்பைச் சேர்த்து வைத்த ஆபரேஷனில் புகை அந்த எலும்பைச் சேர விடாது. தயவுசெய்து கடைக்குப் போய் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வண்டிச் செலவு பார்த்துப் பயிற்சியை நிறுத்துகிறவர்களுக்கு: 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கடைசியாக, சில விஷயங்களில் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூத்திரம் வராமல் நிற்பது, அறியாமல் போவது, மலம் கட்டுப்படாமல் போவது, உட்காரும் இடமும் தொடையின் உள்பக்கமும் மரத்துப் போவது, காலில் புதிதாகப் பலம் குறைவது, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சலோடு காயத்தில் சீழோ நீரோ வடிவது. இவற்றைக் கூச்சப்பட்டு மறைக்கிறார்கள், முக்கியமாக மூத்திர விஷயத்தை. தினமும் நீங்களாகவே கேளுங்கள். ஆபரேஷன் செய்த வார்டின் நம்பரையும் 108-ஐயும் பெரிதாக எழுதிக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள், உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடாதீர்கள்.