92% பொருத்தம் என்றால் என்ன கணக்கு?

டேட்டிங் தளத்தில் ஒருவர் படத்துக்குக் கீழே "92% பொருத்தம்" என்று போட்டிருக்கிறது. அந்த 92 எங்கிருந்து வந்தது? பெரும்பாலான நிறுவனங்கள் வாய் திறக்காது. அமெரிக்காவின் ஓகேகியூபிட் தளம் மட்டும் தன் கணக்கை வெளிப்படையாகவே விளக்கியது. 2004-இல் அதைத் தொடங்கிய நான்கு பேரும் ஹார்வர்டில் கணிதம் படித்தவர்கள் என்பதால், விடையை மட்டும் சொல்லி வழிமுறையை மறைப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ.

அங்கே ஒவ்வொரு கேள்வியிலும் மூன்று விஷயங்களைக் கேட்டார்கள். உங்கள் பதில் என்ன, எதிரில் இருப்பவர் எந்தப் பதிலைச் சொன்னால் உங்களுக்குச் சம்மதம், இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம். இரண்டாவது கேள்வி சாமர்த்தியமானது. ஓயாமல் பேசும் ஒருவர் தன்னைப் போலவே பேசுகிறவரைத் தேட வேண்டும் என்பதில்லை, காதுகொடுத்துக் கேட்பவரையும் தேடலாம். 1965-லேயே ஹார்வர்ட் மாணவர்கள் 'ஆபரேஷன் மேட்ச்' என்ற பெயரில் 3 டாலர் வாங்கிக்கொண்டு கணினியில் ஜோடி சேர்த்தபோது, உன்னைப் பற்றிச் சொல், நீ விரும்பும் ஆளைப் பற்றியும் சொல் என்று இரண்டு முறை கேட்டார்கள். யோசனை பழையதுதான்.

கணக்கின் உயிர் மூன்றாவது கேள்வியில் இருந்தது. 'பொருட்டே இல்லை' என்றால் அப்போது 0 மதிப்பெண். 'கொஞ்சம்' 1, 'ஓரளவு' 10, 'ரொம்ப' 50, 'கட்டாயம்' 250. ஏணி சீராக ஏறவில்லை, பாய்ந்து பாய்ந்து ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். நம் பத்துப் பொருத்தத்திலும் இந்த மாதிரி ஒரு ஏற்பாடு உண்டு. ஒன்பது பொருந்தி ரஜ்ஜு தட்டினால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிற வீடுகள் எத்தனை!

மாயா, டேனியல் என்று இருவரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். இருவரும் பொதுவாகப் பதில் சொன்ன கேள்விகள் மூன்று: குழந்தை வேண்டுமா, புகைபிடிப்பீர்களா, வீடு ஒழுங்காக இருக்க வேண்டுமா. மாயாவுக்குக் குழந்தை விஷயம் 250, புகை 50, ஒழுங்கு 1. மொத்தம் 301. டேனியலின் பதில்களில் குழந்தையும் ஒழுங்கும் அவளுக்குச் சம்மதம், புகை சம்மதமில்லை. அவன் பெறுவது 251, அதாவது 83%. டேனியலுக்கோ ஒழுங்குதான் பெரிது: 50. குழந்தை 10, புகை 1. மொத்தம் 61. மாயா ஒழுங்கில் கோட்டை விடுகிறாள், மற்ற இரண்டிலும் தேறுகிறாள். 11 மதிப்பெண், வெறும் 18%.

சரி, இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? கூட்டி இரண்டால் வகுத்தால் 51 வரும். ஓகேகியூபிட் அப்படிச் செய்யவில்லை. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது. விடை 39. இந்தப் பெருக்குச் சராசரியில் சிறிய எண் பெரிய எண்ணைக் கீழே இழுத்துவிடும். ஒரு பக்கம் பூஜ்யமாக இருந்தால், மறுபக்கம் நூறே இருந்தாலும் விடை பூஜ்யம். ஒருதலைக் காதலுக்குக் கணிதம் தரும் மதிப்பெண் இதுதான்.

அதோடு விடவில்லை. மூன்றே கேள்விகளை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? அதனால் பொதுவான கேள்விகளின் எண்ணிக்கையால் ஒன்றை வகுத்து, வருவதைக் கழித்தார்கள். மூன்று கேள்வி என்றால் 33 போய்விடும், மிச்சம் சுமார் 5. நூறு கேள்வி என்றால் ஒன்றுதான் குறையும். நிறையக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களுக்கே பெரிய சதவீதங்கள் தெரிந்ததற்குக் காரணம் இந்தக் கழித்தல்.

இதைப் பிடித்துக்கொண்டார் கிறிஸ் மெக்கின்லே. 2012-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கணித முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். தனக்குப் பிடிக்கக்கூடிய பெண்கள் பதில் சொல்லும் கேள்விகள் வேறு, தான் பதில் சொன்ன கேள்விகள் வேறு என்பது அவருக்குப் புரிந்தது. 12 போலிக் கணக்குகளைத் திறந்து, நிரல் எழுதி, 20,000 பெண்களின் 60 லட்சம் பதில்களைத் திரட்டினார். அடுத்தவர் அந்தரங்கத்தை இப்படி அள்ளியது சரியா என்றால், என் கணக்கில் இல்லை. அப்புறம் அந்தப் பெண்களை ஏழு குழுக்களாகப் பிரித்து, தனக்கு ஒத்துவரும் இரண்டைத் தேர்ந்தார். அவர்கள் அதிகம் பதில் சொன்ன 500 கேள்விகளுக்குத் தானும் உண்மையாகவே பதில் சொன்னார். முக்கியத்துவ மதிப்பெண்ணை மட்டும் நிரலின் கையில் விட்டுவிட்டார். 90%-க்கு மேல் பொருந்தும் பெண்கள் முன்பு நூறு பேர்கூட இல்லை, இப்போது ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்கள்.

அவர் சந்தித்த 88-ஆவது பெண்ணோடுதான் நிச்சயதார்த்தம் வரை போனது. அந்தப் பெண் அவரைக் கண்டுபிடித்த விதம் சுவாரசியம்: பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஆறடி உயரம், நீலக் கண் என்று தேடியிருக்கிறார்! 60 லட்சம் பதில்கள் ஒரு பக்கம், ஆறடி உயரம் ஒரு பக்கம்.

எண்ணைப் பார்ப்பதாலேயே மனம் மாறுமா என்ற சந்தேகம் ஓகேகியூபிட்டுக்கும் இருந்தது. உண்மையில் 30% பொருத்தமுள்ள சிலருக்கு 90% என்று பொய்யாகக் காட்டிப் பார்த்தார்கள். 2014-இல் அதை அவர்களே வெளியிட, பெரிய சர்ச்சையானது. ஒரு செய்தி உரையாடலாக வளரும் வாய்ப்பு, 30-ஐ 30 என்றே காட்டியபோது 10%. அதையே 90 என்று காட்டியபோது 17%. நிஜமான 90-ஐ 30 என்று குறைத்துக் காட்டியபோது 16%. உள்ளதை உள்ளபடி 90 என்று காட்டியபோது 20%. கணக்குக்கும் வேலை இருக்கிறது, 'பொருத்தம்' என்ற நம்பிக்கைக்கும் ஏறக்குறைய அதே அளவு வேலை இருக்கிறது.

கணக்கால் ஏன் இதற்கு மேல் போக முடியவில்லை? உளவியல் ஆய்வாளர்கள் சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கல் மூவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தோண்டியது. சில நிமிடச் சந்திப்புகளுக்கு வந்தவர்களிடம் முன்கூட்டியே நூற்றுக்கும் மேற்பட்ட குணங்கள், விருப்பங்களைக் கேட்டு வாங்கி, தரவைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரலிடம் (இயந்திரக் கற்றல்) கொடுத்தார்கள். யார் பொதுவாகவே எல்லோரிடமும் ஈர்க்கப்படுவார், யாரை எல்லோருக்கும் பிடிக்கும் என்பதை அது ஓரளவு ஊகித்தது. குறிப்பாக இந்த இருவருக்குள் பற்றிக்கொள்ளுமா என்பதை ஊகிக்க முடியவில்லை. ஈஸ்ட்விக்கும் ஃபிங்கலும் 2008-லேயே இன்னொன்றைக் கண்டிருந்தார்கள்: இன்னின்ன குணம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள், நேரில் பார்த்தபோது அந்தப் பட்டியல்படி ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆகவே பட்டியல் போடுவது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தை, மதம், எந்த ஊரில் வாழ்வது போன்ற 250 மதிப்பெண் விஷயங்களில் ஒத்துவராதவர்களை முன்பே விலக்க அது நன்றாகவே உதவும். நீலக் கண்ணுக்கும் 250 போடும்போதுதான் கணக்கு கெடுகிறது.

தளங்களுக்கு இருந்த இன்னொரு குறை, நேரில் சந்தித்த பிறகு என்ன நடந்தது என்ற தகவல் கைக்கு வராததுதான். கடைசியாகத் தெரிவது தொலைபேசி எண் பரிமாறிக்கொண்டது வரைதான். ஹிஞ்ச் என்ற டேட்டிங் செயலி 2018-இல் இதற்காகவே ஒரு வசதியைச் சேர்த்தது. எண் கைமாறிய சில நாட்கள் கழித்து இரண்டே கேள்வி: சந்தித்தீர்களா? இப்படிப்பட்ட ஒருவரை மறுபடி சந்திக்க விரும்புவீர்களா?